கர்தினாலுக்கு எழுதிய புகார்

எங்கள் தோட்டத்தில் துரை மாற்றலாகிப் போனால் புதியவர் வரும்வரை எந்தக் கடதாசியும் நகராது. இடையில் ஓர் எக்டிங் துரை இருப்பார். அவர் வேலைக்கு வந்தவர்களின் பேர் பதியும் செக்ரோலில் கையெழுத்துப் போடுவார், சம்பளத்துக்குப் போடுவார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டுக்குப் போடுவார். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டாலோ, பின்பக்கம் சமைக்க ஒரு குசினி இறக்கிக்கொள்ள அனுமதி கேட்டாலோ, "புதுத் துரை வரட்டும்" என்பார். அது சாக்குப்போக்கு இல்லை. அவருக்கு இருக்கும் அதிகாரமே அவ்வளவுதான். யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் மலையில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் பாப்பரசர் இறந்த வாரத்தில் அப்பா வீட்டுக்கு வந்து, "புது ஆள் வர்ற வரைக்கும் ஒண்ணும் நடக்காதாம். சாமி சொல்லிட்டாரு" என்றபோது நாங்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

நடக்க வேண்டியிருந்தது அக்காவின் கல்யாணம்.

அக்கா தோட்டத்துப் புள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளை கீழ் லயத்துக்காரர், பஜாரில் த்ரீவீல் ஓட்டுகிறவர், இந்து. இரண்டு வீடும் இரண்டு வருடம் முறைத்துக்கொண்டு நின்று, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தன. கோயிலில், அதாவது எங்கள் மாதா கோயிலில், பங்குச் சாமி முன்னால் கல்யாணம். ஆனால் ஆடி பிறப்பதற்கு முன் நடந்துவிட வேண்டும். அவர்கள் வீட்டில் ஆடியில் கல்யாணம் செய்ய மாட்டார்கள். ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளை கட்டாருக்கு விமானம் ஏற வேண்டும். விசா வந்துவிட்டது. போனால் இரண்டு வருடம். அக்காவுக்கு அப்போதே முப்பது.

ஞானஸ்நானம் பெறாத ஒருவரை எங்கள் ஆட்கள் கட்டுவதென்றால் ஆயரின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு ஃபோர்ம் உண்டு. என் விசுவாசத்தை விட்டுவிட மாட்டேன், பிள்ளைகளை அதில் வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று பெண் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு முன்னமே கல்யாணம் ஆகவில்லை என்று அறிந்த ஒருவர் கீழே சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். சாமி அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்திருந்தார். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஆனால் சாமி வராத ஞாயிறுகளில் கோயிலில் செபம் நடத்துகிறவரும் அவர்தான். அக்கா அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, சாமியிடம் சேர்க்கச் சொல்லி அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு பாப்பரசர் இறந்துபோனார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஏ.எல். வரை போன முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் உதவியாளர். அம்மா இன்னும் பெருவிரல்தான் வைக்கிறார். படிப்பு எனக்கு முதலில் தந்தது அறிவு இல்லை, சந்தேகம். என் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பதை முதலில் வாசித்தவன் நானே. அதற்குப் பிறகு எவர் கையிலாவது எங்கள் கடதாசி ஒன்று தங்கிவிட்டால், அவர் அதை ஏன் வைத்திருக்கிறார் என்ற கேள்வி எனக்குள் ஓடத் தொடங்கிவிடும்.

எங்களுக்குப் பூசை மாதத்தின் கடைசி ஞாயிறு. சாமி சிங்களவர். டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தமிழ்ப் பூசையைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்து வாசிப்பார். அதனால் எந்தச் சொல்லையும் விழுங்காமல் ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்த ஞாயிறு நடுப்பூசையில், வழக்கமாகத் திருத்தந்தையின் பெயர் வரும் இடத்தில் அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. நேராக ஆயரின் பெயருக்குப் போனார். பாப்பரசர் இல்லை, எனவே அந்த இடம் காலி. அது எனக்கு விளங்கியது. ஆனால் ஆயரின் பெயர் அங்கேயே இருந்தது.

முழங்காலில் இருந்தபடியே அதை யோசித்தேன். எங்களுக்கு வேண்டியது ஆயரின் அனுமதி. ஆயர் இருக்கிறார். பிறகென்ன?

பூசை முடிந்ததும் அப்பாவும் சாமியும் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு கேட்கவில்லை. சாமி எதையோ கேட்டார். அப்பா குனிந்து ஏதோ சொன்னார். சாமி தலையை ஆட்டிவிட்டு, கையை விரித்துக் காட்டி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். அந்த விரித்த கையை நான் நன்றாகப் பார்த்தேன். என்னால் ஆகாது என்று சொல்லும் கை அது.

"என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அதேதான். புது பாப்பரசர் வரணுமாம்."

"ஆயர் இருக்காருல்ல?"

"ஆயருக்கு மேல ஆள் இல்லையே. எக்டிங்கா இருக்கிறவங்க கையெழுத்து செல்லுமா? நீ போய் சாமிகிட்ட ஒண்ணும் கேட்டுத் தொலைக்காத. நான் பேசிக்கிறேன். படிச்ச பயலுவ கேட்டா சாமிமாருக்குக் கோபம் வரும்."

அன்று பின்னேரம் சிக்னல் கிடைக்கும் தண்ணித் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து, போனில் தேடி வாசித்தேன். பாப்பரசர் இல்லாத காலத்தில் திருச்சபையில் யார் எதில் கையெழுத்துப் போடலாம்?

பாப்பரசர் இறந்ததும் பொறுப்பு கர்தினால்மாரின் குழாத்துக்கு வருகிறது. ஆனால் வருவது சாவிக்கொத்து மட்டும்தான். அன்றாட வேலைகளையும், தள்ளிப்போட முடியாதவற்றையும் அவர்கள் பார்க்கலாம். பாப்பரசர் மட்டுமே செய்யக்கூடிய எதையும் தொடக் கூடாது. ஒரு சட்டத்தையும் மாற்றக் கூடாது. ரோமாபுரியின் பெரிய அலுவலகங்களுக்குத் தலைவர்களாக இருக்கும் கர்தினால்மாரில் அநேகமாக எல்லோரும் அன்றைக்கே அந்தப் பதவியை இழக்கிறார்கள். ஒரு கர்தினால் மட்டும், கமர்லெங்கோ என்கிறார்கள், பாப்பரசர் இறந்தது உண்மைதான் என்று உறுதிப்படுத்தி, அவர் அறைகளைப் பூட்டி முத்திரை வைத்து, சொத்துகளைப் பார்த்துக்கொள்கிறார். பாப்பரசரின் மோதிரத்தைச் சிதைத்துவிடுகிறார்கள், அதை வைத்து யாரும் பொய்ப் பத்திரம் செய்துவிடாதிருக்க. எண்பது வயது கடந்த கர்தினால்மாருக்கு வாக்கு இல்லை. மற்றவர்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். போன் கிடையாது, பத்திரிகை கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு ஒரே பெயருக்கு விழும்வரை வாக்கெடுப்பு நடக்கும். யார் எழுதியது என்று தெரியாதபடி கையெழுத்தை மாற்றி எழுத வேண்டுமாம்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்குத் திருச்சபையின் மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது. அவர்களும் என்னைப் போலத்தான், யாரையும் முழுதாக நம்புவதில்லை.

எல்லாம் எக்டிங் துரை முறைதான். ஆனால் ஓரிடத்தில் உதைத்தது. ஆயர் பதவி போவதாக எங்கும் இல்லை. பாப்பரசர் இறந்தாலும் ஆயர் தன் மறைமாவட்டத்தில் செய்கிற எல்லாவற்றையும் செய்துகொண்டேதான் இருக்கிறார். துரை மாறினாலும் டிஸ்பென்சர் மருந்து கொடுப்பதை நிறுத்துவதில்லையே. அப்படியானால் சாமி அப்பாவிடம் சொன்னது பொய்.

ஏன் பொய் சொல்ல வேண்டும்? அதற்கு நானே மூன்று காரணங்கள் கண்டுபிடித்தேன். இந்து மாப்பிள்ளையை அவருக்குப் பிடிக்கவில்லை. அல்லது ஆடி தாண்டினால் இது தானாக முறியும் என்று காத்திருக்கிறார். அல்லது மலையில் இருக்கிற சனத்தின் காரியம்தானே, எப்போது செய்தால் என்ன என்ற அலட்சியம். மூன்றில் எதை நம்பினாலும் அவர் முகம் அதற்குப் பொருந்திப் போனது. சந்தேகப்படுகிறவனுக்கு அதுதான் வசதி.

கர்தினால்மார் உள்ளே போன வாரத்தில் லயமே போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழையால் பால் வெட்டு இல்லை. ஒரு பின்னேரம் எங்கள் வாசலில் தோட்டத்துச் சங்கத் தலைவரும் மாப்பிள்ளையும் நானும் ஒரே போனில் ரோமாபுரியின் அந்தப் புகைக்கூண்டைப் பார்த்தோம். தலைவரும் இந்து. ஆனால் எந்தக் கோயில் காரியமானாலும் கருத்துச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

"இதென்ன மாஸ்டர்," என்றார் என்னிடம், "நாங்க தேர்தல்னா விரல்ல மை பூசுறோம். உங்க ஆளுங்க அடுப்பு மூட்டுறாங்க."

"சீட்டுகளை எரிக்கிறாங்க தலைவரே. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு வெளிய தெரியாம."

"அப்ப கள்ள வோட்டு விழுந்தா எப்படி எண்ணிப் பார்க்கிறது?"

"எரிக்கிறதுக்கு முன்னாடி எண்ணுவாங்க. அவங்களுக்குள்ளயே மூணு பேரு எண்ணுவாங்க, இன்னும் மூணு பேரு அந்த மூணு பேரைச் சரிபார்ப்பாங்க."

"அது நல்லது. நம்ம சங்கத்துக்கும் கொண்டாரலாம்."

"தலைவரே, அப்ப நீங்க ஜெயிக்க மாட்டீங்களே" என்றார் மாப்பிள்ளை. தலைவர் அவர் முதுகில் ஒன்று வைத்தார். புகை கருப்பாக வந்தது, இன்னும் ஆள் தெரிவாகவில்லை.

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து, "மச்சான், அந்தச் சிவப்புச் சட்டைக்காரங்களுக்கு என் ஜாதகமும் அனுப்பணுமா? நான் பொறந்த நேரம் சரியில்லைன்னு எங்கம்மா சொல்லும். அதான் போப்பாண்டவரே செத்துட்டாரோ என்னவோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏஜென்ட் டிக்கெட் போட்டுட்டான்" என்றார் தாழ்ந்த குரலில். அப்பா சற்றுத் தள்ளிக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் காலை, புதிய பாப்பரசர் வந்துவிட்டார் என்று தெரிந்தது. நான் ஸ்கூலுக்குப் போகுமுன் அப்பாவிடம் ஓடினேன். இனித் தடை என்ன?

அப்பா பிளேன்டீயை ஆற்றிக் குடித்தார். "புதுத் துரை வந்தா முதல்ல என்ன செய்வாரு?"

"என்ன செய்வாரு?"

"தோட்டத்தைச் சுத்திப் பார்ப்பாரு. நாலு டிவிஷனும் பார்த்து, ஸ்டாஃபைக் கூப்பிட்டுப் பேசி, அப்புறந்தான் பேனாவைத் தொடுவாரு. வந்தவுடனே கையெழுத்துக்குப் போய் நின்னா மொத நாளே மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகும். சாமியும் அதைத்தான் சொல்றாரு. ரெண்டு மாசமாவது ஆகுமாம்."

இரண்டு மாதம் என்றால் ஆடி பிறந்துவிடும். அக்கா அடுப்படியில் நின்றிருந்தாள். திரும்பவில்லை. ரொட்டி கருகும் வாசனை வந்தும் திரும்பவில்லை.

அன்றைக்குத்தான் நான் தலைவரிடம் போனேன். அவர் கேட்டதும் ஒரே முடிவாகச் சொன்னார்.

"கணக்கப்பிள்ளை பேர் போடாம விட்டா நாம சின்னத் துரைகிட்டயா போறோம்? போனா அவரு என்ன செய்வாரு? அதே கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேப்பாரு. அவன் ஒரு கதை சொல்லுவான். முடிஞ்சுது. அதனால நேரா பெரிய துரைக்கும் மேல, கொழும்புல கம்பனிக்கு எழுதணும். உங்க கோயில்ல கம்பனி யாரு?"

விரல் விட்டு எண்ணினோம். செபம் நடத்தும் அப்பா, கங்காணி. சாமி, சின்னத் துரை. ஆயர், பெரிய துரை. பாப்பரசர் முதலாளி. இடையில் இருப்பது கர்தினால். அவர்தான் குரூப் மெனேஜர்.

நான் அவ்வளவு வாசித்தவன். கர்தினால்மார் எத்தனை வாக்குக்கு எப்படிச் சீட்டு மடிப்பார்கள் என்றுகூடத் தெரியும். ஆனால் ஆயருக்கு மேல் கர்தினால் உட்கார்ந்திருக்கிறாரா என்பதை மட்டும் தேடிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. அப்பாவின் செக்ரோலிலிருந்து கொழும்பு வரை எனக்குத் தெரிந்த உலகம் முழுக்க ஒரே ஏணியாக இருந்தது. ரோமாபுரியும் அதே ஏணியின் நீளம்தான் என்று நினைத்தேன்.

நாட்டின் கர்தினாலுக்குக் கடிதம் எழுதினேன். விளிக்கும் சொல்லைத் தேர்வதற்கே ஒரு மணித்தியாலம் போனது. பாப்பரசர் இல்லாத காலத்திலும் ஆயரின் அதிகாரம் குறைவதில்லை என்று நான் வாசித்ததை இலக்கம் போட்டு எழுதினேன். பங்குச் சாமி அதை மறைத்து, ஓர் ஏழைப் பெண்ணின் விண்ணப்பத்தை வேண்டுமென்றே முடக்கி வைத்திருக்கிறார் என்று எழுதினேன். 'வேண்டுமென்றே' என்ற சொல்லின் கீழ் கோடும் போட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சாமி கோல் பண்ணினார். "புத்தா, மகன், பஸ் எடுத்து வா. இன்னைக்கே."

அவர் அறையில் மேசை மேல் என் கடிதம் இருந்தது. மூலையில் ஒரு சிறு குறிப்புத் தாள் கிளிப் போட்டுச் சேர்த்திருந்தது. மேலிருந்து ஆயர் இல்லத்துக்கு வந்து, அங்கிருந்து அவரிடம் வந்திருக்கிறது. தலைவர் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ அதேபடி, யார்மேல் புகாரோ அவர் கைக்கே. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காரு. நல்ல தமிழ்" என்றார். "எனக்கு வாசிக்க ரெண்டு நாள் போச்சு. சில இடம் தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ்ஸிகிட்டக் கேட்டேன். அவங்களுக்கும் விளங்கல."

நான் மன்னிப்புக் கேட்கவா, சண்டை பிடிக்கவா என்று தெரியாமல் இருந்தேன். அவர் சிங்களமும் தமிழும் கலந்து, அவசரமில்லாமல் பேசினார்.

"மொதல்ல ஒண்ணு கேளு. கர்தினால் எங்க ஆயருக்கு மேல இருக்கிற துரை இல்ல. அது ஒரு படி இல்ல. ஆயர் பாப்பரசருக்கு நேரா பதில் சொல்றவர். கர்தினால்ங்கிறது பாப்பரசர் தனக்கு ஆலோசனை சொல்ல எடுக்கிற ஆள். ரோமாவுல ஏதாவது வேலை குடுத்தா அதைப் பார்ப்பார், தன் சொந்த மறைமாவட்டத்தைப் பார்ப்பார். பாப்பரசர் போயிட்டா அடுத்தவரைத் தெரிவு செய்வார். சிவப்பு உடுப்பு எதுக்குத் தெரியுமா? தேவைன்னா ரத்தம் சிந்தவும் ரெடின்னு. உங்க அக்கா கலியாணத்துக்குக் கையெழுத்துப் போடவும் ரெடின்னு இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப ஆயரே போடலாம்தானே சாமி. நீங்க ஏன் புது பாப்பரசர் வரணும்னு சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கவுத கிவ்வே? யார் சொன்னது?"

"அப்பாகிட்ட நீங்க..."

"நான் உங்க அப்பாகிட்ட மூணு தரம் கேட்டேன், ஃபோர்ம் எங்கன்னு. பாப்பரசர் பேர் சொல்லாத ஞாயிறும் கேட்டேன், மோட்டார் சைக்கிள்கிட்ட. இதுவரைக்கும் எனக்கு வரல. வந்தாத்தான நான் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப? பத்து நாள்ல வந்திடும் அது."

"அப்பா என்ன சொன்னாரு?"

சாமி கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "மகள் இன்னும் யோசிக்கிறான்னு சொன்னாரு. நானும் சரி, யோசிக்கட்டும்னு விட்டேன். அவசரப்படுத்தக்கூடாதுல்ல."

அந்த விரித்த கை இப்போது வேறாகத் தெரிந்தது. என்னால் ஆகாது என்று அது சொல்லவில்லை. சரி, அவள் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறது.

சாமி ஒரு புது ஃபோர்ம் எடுத்துக் கொடுத்தார். அப்பா கையெழுத்துக் கட்டாயமில்லை, அக்காவைத் தெரிந்த வேறு யாரும் சாட்சி போடலாம் என்றார். நான் எழும்பும்போது என் கடிதத்தையும் நீட்டினார். "இதைக் கொண்டு போ. என் ஃபைல்ல இருந்தா எனக்கு அடிக்கடி வாசிக்கத் தோணும்."

அக்காவிடம் முதலில் சொன்னேன், புள்ளைக்காம்பரா வாசலில். அவள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். பாப்பரசர், கர்தினால் எதுவும் அவளுக்குப் படவில்லை. ஒரு வசனம்தான் பட்டது.

"நான் யோசிக்கிறேன்னு சொன்னாராமா?"

"ஆமாக்கா."

"நான் யோசிக்கிறேன்னு."

வீட்டுக்கு வந்து நேராக அப்பாவின் முன்னால் நின்றாள். அப்பா வாளியில் உறைந்துபோன ஒட்டுப்பாலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அம்மா நடப்பதை ஊகித்து என்னை முறைத்தார்.

"ஃபோர்ம் எங்கப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். மறுக்கவில்லை. "செபப் புத்தகத்துல இருக்கு."

"ஏன் குடுக்கல?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு நீ படிச்சுத்தான் போட்டியா?"

"படிச்சேன்."

"பிள்ளைகளை நம்ம வேதத்துல வளர்க்க இயன்றதைச் செய்வேன்னு போட்டிருக்க. அந்த வீட்டுல அது நடக்குமா? மாரியம்மனுக்கு மொட்டை போடத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நடக்காதுன்னு தெரிஞ்சு அந்தத் தாளை என் கையால கொண்டுபோய்க் குடுத்தா, அது பொய்ச் சத்தியம். ஞாயித்துக்கிழமை அந்தக் கையோட நான் செபம் சொல்லணும்."

"நான் பொய் சொல்லுவேன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"நீ சொல்ல மாட்ட. உன்னை விட மாட்டாங்க."

"என்னால இயன்றதுன்னுதான போட்டிருக்கு. எனக்கு இயன்றது எவ்வளவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்னை அளந்து பார்த்தீங்களா?" அக்காவின் குரல் ஏறவில்லை. "பொய்க்குப் பயந்து, சாமிகிட்ட நீங்க என் பேர்ல ஒரு பொய், எங்ககிட்ட சாமி பேர்ல ஒரு பொய். அந்தக் கையோட ரெண்டு மாசம் செபம் சொன்னீங்களே."

அப்பா ஒட்டுப்பாலைத் தொடர்ந்து பிய்த்தார். அது நூலாக நீண்டுகொண்டே போனது.

நான் புது ஃபோர்மை மேசையில் வைத்தேன். "அக்கா, இதுல போடு. தலைவர்கிட்ட சாட்சி வாங்கிக்கலாம். நாளைக்கே குடுத்திடுறேன்."

அவள் அதைத் தொடவே இல்லை. "ஒருக்காப் போட்டது போதும். நான் யோசிச்சுட்டு இப்பத்தான் முடிவெடுத்தேன்னு ஆயர் வீட்டுக்கு ஒரு தாள் போக வேணாம். அவர் வச்சிருக்கிற தாளே போகட்டும்."

"அவர் குடுக்கலைன்னா? நாளு போகுதுக்கா."

"குடுக்கலைன்னா மச்சானைக் கட்டாருக்கு ஏத்திவிட்டுட்டு வர்றேன்."

நான் அவளோடு மல்லுக்கு நின்றேன். அம்மாவையும் சேர்த்துக்கொண்டேன். அவள் அசையவில்லை. படிப்பு இல்லாத பிடிவாதம் என்று அன்று மனதுக்குள் நினைத்தேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் சனிக்கிழமை. எழும்பிப் பார்த்தால் அப்பா இல்லை. காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்கும் போகவில்லை, மழை. செபப் புத்தகம் அலமாரியில் இருந்தது, உள்ளே தாள் இல்லை. முதல் பஸ்ஸில் போனதாக அம்மா சொன்னார். என் புத்தி உடனே போன இடம் மோசமான இடம். சாமியிடம் நேரில் போய் இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்லப் போகிறார். கோயிலில் செபம் நடத்துகிறவர் சொன்னால் எடுபடும். மாப்பிள்ளைக்குக் கோல் பண்ணி த்ரீவீலை வரச் சொன்னேன்.

"மெதுவா போவோம் மச்சான்," என்றார் அவர், வளைவில். "மாமாவுக்கு முன்னாடி போய் நின்னா அவருக்கு அசிங்கம்."

"தடுக்கப் போயிருந்தா?"

"தடுத்தா அங்க போய்ப் பார்த்துக்கலாம். வழியில பிடிக்க வேணாம்."

டவுனில் சாமி தங்கும் அறைமனையின் ஜன்னல் திறந்திருந்தது. நான் வெளியே தூணோரம் நின்றேன். அப்பா உட்காராமல் நின்றிருந்தார், சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். சாமி தாளைப் பிரித்து வாசித்தார்.

"மகள் யோசிச்சு முடிஞ்சதா?"

அப்பா வெறும் உறையைச் சட்டைக்குள் வைத்தார். "மக யோசிக்கல சாமி. நான்தான்."

"ஹரி, சரி" என்றார் சாமி. அவ்வளவுதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "கர்தினாலுக்கு எழுதுற ஆள் வெளியில ஏன் நிக்கிறது? உள்ள வா. மாப்பிள்ளை விலாசம் சிங்களத்துல எழுதிக் குடு" என்றார்.

மேசையில் குனிந்தபோதுதான் பார்த்தேன். சாட்சியின் இடத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் தேதி, சாமி அந்தத் தாளைக் கொடுத்த அதே ஞாயிறு. நீல மை. அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அதே நீலப் பேனா. அன்றைக்கே போட்டுவிட்டுக் கொடுக்க மனம் வராமல் இரண்டு மாதம் வைத்திருந்தாரா? இல்லை, முந்தின நாள் போட்டு, பழைய தேதியை எழுதினாரா? முதலாவதென்றால் ஒரு நாளாவது அவர் அக்காவை முழுதாக நம்பியிருக்கிறார். நான் தாளைச் சாய்த்து மையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பா நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

திரும்பும்போது மூவரும் த்ரீவீலில் வந்தோம். அப்பா அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. "சாரல் அடிக்குது மாமா, உள்ள தள்ளி உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை. அப்பா தள்ளி உட்கார்ந்தார்.

அக்காவிடம் தேதியைப் பற்றி மட்டும் சொன்னேன், மையைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் தலையசைத்தாள். நம்பினாளா, நம்பத் தீர்மானித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அனுமதி எட்டாம் நாள் வந்தது. அரைப் பக்கம், ஆயர் இல்லத்து முத்திரை, ஒரு கையெழுத்து. நான் வாசித்துக் காட்டினேன். அப்பா தாளை வாங்கி முத்திரையை விரலால் தடவினார்.

"எட்டு நாள்தானா" என்றார்.

அக்கா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டு, கலண்டர் முன்னால் நின்று ஆனி முகூர்த்தம் வரை விரலால் எண்ணினாள். பத்தொன்பது நாள் இருந்தது. போதும் என்றாள்.